கிரேன்காரருக்குப் போட்ட பாட்டு

எங்கள் கடையில் ஒரு மனிதனின் வாழ்க்கை பன்னிரண்டு நிமிடம், ஏழு பாட்டு. இந்தக் கணக்கைப் போட்டது என் அக்கா வீட்டுக்காரர். கடை அவருடையது. அத்தானை மீறி யாரும் பதின்மூன்றாவது நிமிடம் வாழ்ந்ததில்லை.

குடும்பத்தார் ஒரு பென்டிரைவில் போட்டோக்களைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். இறந்தவர் என்றால் நினைவுக் கூட்டத்தில் திரையிட, வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறவர் என்றால் பாராட்டு விழாவில் திரையிட. இரண்டுக்கும் அச்சு ஒன்றுதான். கம்ப்யூட்டரில் ஏழு ஃபோல்டர்கள் இருக்கும். தொட்டில், பால்யம், காதல், கல்யாணம், பிள்ளைகள், உழைப்பு, கடைசி. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பாட்டை எடுத்து வரிசையாக வைத்து, அதன்மேல் போட்டோக்களை அடுக்கினால் ஆள் ரெடி.

நான் அங்கே சேர்ந்து பதினொரு மாதம் ஆகியிருந்தது. அத்தனை பாட்டையும் அத்தனை தடவை கேட்டவன் ஊரில் வேறு எவனும் இருக்க மாட்டான். அதனால் சொல்கிறேன். தொட்டில் பாட்டுகளில் குழந்தை நிலாவாகவோ முத்தாகவோ இருக்கும். அக்காவின் இரண்டு குழந்தைகளையும் பிறந்த அன்றே பார்த்தேன், வேகவைத்த கிழங்கு மாதிரி இருந்தார்கள். பால்யத்தில் எல்லாரும் மழையில் ஓடுவார்கள், ஒருவனுக்கும் சளி பிடிக்காது. காதல் ஃபோல்டரில் நானூற்றுப் பன்னிரண்டு பாட்டு. உழைப்பில் ஒன்பது. அந்த ஒன்பதிலும் ஒருவன் மூட்டை தூக்கிவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டே சிரிப்பான். வேலை செய்கிற எவனும் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. நாற்பது வயதிலிருந்து அறுபது வரைக்கும் பாட்டே கிடையாது. காலம் ஓடியது என்று ஒரு வரி வரும், அடுத்த வரியில் தலை நரைத்துவிடும்.

கடைசி ஃபோல்டரில் யாருக்கும் நோய் வராது. பறவை பறக்கும், விளக்கு அணையும், படகு கரையை விட்டு நகரும். மூக்கில் குழாயோடு கிடக்கிறவனைப் பற்றி ஒரு வரி எழுத எவருக்கும் மனசு வரவில்லை போல.

நான் கல்லூரியை இரண்டாம் வருடம் விட்டவன். அதன்பிறகு ஒரு குடோனில் ராத்திரி வேலை, வந்திறங்குகிற பெட்டிகளை ஸ்கேன் செய்து பிரிப்பது. இரண்டு வருடம் என்று கையெழுத்துப் போட்டு ஆறு வருடம் இருந்தேன். அதையும் விட்டேன், உடம்பு மட்டும் இன்னும் விடவில்லை. பகல் மூன்று மணியானால் அது தூங்கப் போய்விடும். நான் நாற்காலியில் மிச்சமிருப்பேன்.

தப்பு நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, அந்த மூன்று மணியில்தான்.

அன்று இரண்டு வேலை. ஒன்று, இறந்துபோன ஒரு பள்ளித் தலைமை ஆசிரியைக்கு. இன்னொன்று, துறைமுகத்தில் முப்பத்தைந்து வருடம் கிரேன் ஓட்டி ஓய்வு பெறுகிற ஒருவருக்கு. இரண்டும் மறுநாள் வேண்டும். கடைசி இரண்டு நிமிடத்தை மட்டும் தனித் துண்டாக, பாட்டும் காட்சியும் சேர்த்துத் தயாராக வைத்திருப்போம். அதில் ஆளின் படத்தைப் பொருத்தினால் போதும். இறந்தவருக்கான துண்டில் படம் மெல்ல நிறம் இழந்து, வெளுத்து, வெறும் வெள்ளையாகிவிடும். பாடகர், "விளக்கை நான் அணைக்கிறேன், கதவை நீ சாத்திக்கொள்" என்று பாடுவார். ஓய்வு பெறுகிறவருக்கான துண்டில் மேலிருந்து கலர் காகிதங்கள் கொட்டும். "இன்றுதான் எனக்கு விடிந்தது, இனிமேல் என் நேரம் எனக்கு" என்று நான்கு பேர் கூட்டாகப் பாடுவார்கள்.

இரண்டு வேலையும் திரையில் பக்கம் பக்கமாகத் திறந்திருந்தன. நான் துண்டுகளை மாற்றிப் போட்டேன். அனுப்புவதற்கு முன் கடைசி இரண்டு நிமிடத்தை ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது அத்தானின் சட்டம். ஓட்டிப் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை காலை ஆசிரியையின் மருமகள் போன் செய்தாள். அத்தான் ஸ்பீக்கரில் போட்டார், பாராட்டு வந்தால் எனக்கும் கேட்கட்டும் என்று.

"ரொம்ப நல்லா இருந்துச்சுங்க. கடைசில அத்தை மேல கலர் கலரா கொட்டுச்சு பாருங்க, அங்க எல்லாரும் எந்திரிச்சுக் கை தட்டிட்டோம். இனிமே என் நேரம் எனக்குன்னு வந்ததும் எங்க மாமாவே அழுதுட்டாரு. உயிரோட இருந்தவரைக்கும் அவங்களுக்குன்னு அஞ்சு நிமிஷம் இருந்ததில்லங்க."

அத்தான் நன்றி சொல்லிவிட்டுப் போனை வைத்தார். முகம் மெதுவாக என் பக்கம் திரும்பியது.

"மாப்ளே. கலர் பேப்பர் எங்கருந்து கொட்டுச்சு?"

நான் இரண்டு வேலைகளையும் திறந்தேன். பார்க்க அவ்வளவு நேரம் தேவைப்படவில்லை.

"அப்ப கிரேன்காரர?"

"வெள்ளையாக்கிட்டேன் அத்தான்."

"வெள்ளையாக்கிட்டியா. முன்னூறு பேரு முன்னால ஒரு மனுஷன உக்கார வச்சு வெள்ளையாக்கிட்ட. செத்தவங்களுக்கு விடிஞ்சுடுச்சு, உயிரோட இருக்கறவருக்கு வெளக்க அணச்சாச்சு. உன்னைய வேலைக்கு வச்சதுக்கு என்னையும் ஒரு ஃபோல்டர்ல போட்டு மூடு."

"வேணும்னு செய்யலயே."

"வேணும்னு செஞ்சிருந்தா மூளை இருக்குன்னாவது சந்தோஷப்பட்டிருப்பேன். அந்த வீட்டு ஆளுங்க வந்தா நீயே பேசிக்க. கால்ல விழணும்னா விழு. நான் உள்ள இருக்கேன்."

பதினொரு மணிக்குக் கிரேன்காரரின் மகன் வந்தான். முப்பது வயதிருக்கும். கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்கியது, கண்கள் சிவந்திருந்தன. அத்தான் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டார். நான் மன்னிப்பை வாயில் தயாராக வைத்திருந்தேன். அவன் அதைக் கேட்கவில்லை.

"ப்ரோ, கொஞ்சம் வெளிய வாங்க."

பக்கத்து ஜெராக்ஸ் கடைச் சுவரோரம் நின்றோம்.

"யார் சொன்னது உங்களுக்கு?"

"எது?"

"விளையாடாதீங்க. அப்பா விஷயம். அந்த லேப்ல யாராவது தெரிஞ்சவங்களா? இல்ல எங்க சித்தப்பா ஏதாவது உளறிட்டாரா?"

"எனக்கு உங்க அப்பாவ போட்டோல பாத்த பழக்கம்தான். பாட்டு மாறிடுச்சு. இன்னொருத்தருக்குப் போட வேண்டியது."

அவன் என்னையே பார்த்தான். நான் பொய் சொல்லவில்லை என்பது அவனுக்கு விளங்க இரண்டு மூன்று வினாடிகள் ஆயின. தானே விஷயத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டோம் என்பது அதற்கடுத்து விளங்கியது. சுவரில் சாய்ந்துகொண்டான். மூடி வைத்திருந்ததை ஒருமுறை திறந்துவிட்டால் பாதியில் நிறுத்தத் தெரியாது என்பார்களே, அப்படிப் பேசினான்.

கணையத்தில் கேன்சர். வயிற்று வலி என்று போனவருக்கு ஸ்கேனில் தெரிந்தது. டாக்டர் ஆறு மாதம் என்றார், இழுத்தால் எட்டு. வெட்டுவதற்கும் மருந்துக்கும் காலம் கடந்துவிட்டது. அப்பாவிடம் அல்சர் என்று சொல்லியிருக்கிறார்கள். ரிப்போர்ட் அம்மாவின் பீரோவில் துணிகளுக்கு அடியில் இருக்கிறது.

"தங்கச்சிக்கு ரெண்டு மாசத்துல டெலிவரி. பேரப்புள்ளயப் பாத்துட்டு அப்புறம் தெரிஞ்சுக்கட்டும்னு அம்மா சொல்லிட்டாங்க. அது வரைக்கும் சிரிச்சிட்டு இருக்கட்டுமேன்னு. நேத்து அந்தப் பாட்டு வந்ததும் அம்மா எந்திரிச்சு வெளிய ஓடிட்டாங்க. நான் லேப்டாப்ப மூடிட்டேன்."

"உங்க அப்பா?"

"கை தட்டினாரு. எல்லாரும் முழிச்சிட்டு இருந்தாங்க, அவரு மட்டும் கை தட்டினாரு." மூக்கைத் துடைத்துக்கொண்டான். "அவர் இங்க வந்து கேட்டாலும் கேப்பாரு. என்ன சொல்வீங்க?"

"மிஸ்டேக்குன்னு சொல்வேன். மிஸ்டேக்தானே."

"ஆமா. அது மட்டும் போதும். வேற ஒண்ணும் வேணாம்."

உண்மையைச் சொல்லச் சொல்லிக் கெஞ்சிக் கேட்டுக்கொண்ட முதல் ஆள் அவன்தான். சரி என்றேன். எனக்கென்ன போயிற்று.

சனிக்கிழமை அத்தான் ஒரு கல்யாண வேலையாக வெளியே போயிருந்தார். நான் மேஜையில் கன்னத்தை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தேன். யாரோ விரல் முட்டியால் மேஜையை இரண்டு தடவை தட்டினார்கள்.

"தம்பி, நான்தான் உங்க படத்துல செத்துப்போனவன்."

போட்டோவில் பார்த்ததைவிட மெலிந்திருந்தார். பெல்ட்டில் ஆணியால் குத்திய புதிய ஓட்டை ஒன்று இருந்தது. கழுத்து முன்பக்கமாக வளைந்தே நின்றது. கிரேன் கூண்டின் கண்ணாடித் தரை வழியாகக் கீழே பார்த்துப் பார்த்தே வேலை செய்பவர்களுக்கு அப்படி ஆகிவிடும் என்று பின்னால் அவரே சொன்னார்.

நான் எழுந்து நாற்காலியை அவர் பக்கம் தள்ளினேன். "சார், அது வந்து, மன்னிச்சுக்கணும். வேற ஒருத்தருக்குப் போட வேண்டிய..."

"இரு இரு. முதல்ல படத்தப் போடு. அன்னிக்கு முழுசாப் பாக்க விடல என் பையன்."

போட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து முழங்காலில் கைகளை ஊன்றிக்கொண்டு பார்த்தார். அவருக்குக் குழந்தைப் போட்டோ இல்லை. அதனால் தொட்டில் பாட்டில் யாரோ ஒரு வெள்ளைக்காரக் குழந்தையின் கால்களைப் போட்டிருந்தேன்.

"இது யாரு கால்?"

"பொதுவான கால் சார்."

"கொழுகொழுன்னு இருக்கு. எங்க வீட்டுல அந்தக் காலத்துல யாருக்கும் இந்தக் கால் கெடையாது."

காதல் பாட்டு வந்தது. இரண்டரை நிமிடம். அவர் என் பக்கம் திரும்பினார். "நான் காதலிக்கவே இல்லியேப்பா. வீட்டுல பாத்தாங்க, கட்டிக்கிட்டேன்."

"மரத்தடில ரெண்டு பேரும் நிக்கிற போட்டோ இருந்துச்சே சார். அதான்..."

"அது பாஸ்போர்ட் ஆபீஸ் வாசல். வரிசைல நின்னோம்."

"பின்னாடி பூவெல்லாம் இருந்துச்சு."

"பூ இருந்தா காதலா? அன்னிக்கு டோக்கன் தொலச்சிட்டேன்னு அவ என்னைத் திட்டின திட்டு எனக்குத்தான் தெரியும்."

சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போது அவர் கை வயிற்றுக்குப் போனதைப் பார்த்ததும் என் சிரிப்பு நின்றுவிட்டது.

உழைப்புப் பாட்டு வந்தது. மூட்டை, வியர்வை, சிரிப்பு. அவருடைய வேலைப் போட்டோக்கள் மூன்றே மூன்று. மூன்றிலும் கிரேன்தான் இருந்தது. அவர் உச்சிக் கண்ணாடிக் கூண்டுக்குள் புள்ளியாக இருந்தார், அதுவும் சொன்னால்தான் தெரியும்.

"எவ்ளோ நேரம் குடுத்திருக்க இதுக்கு?"

"ஒரு நிமிஷம் பத்து செகண்ட்."

"முப்பத்தஞ்சு வருஷம்."

"கிரேனுக்குப் பாட்டு இல்ல சார். தேடிப் பாத்தேன்."

"இருக்காது. என்னன்னு எழுதுவான்? கீழ பாத்தான், கீழ பாத்தான், சாயங்காலம் வரைக்கும் கீழ பாத்தான்னா? நான் ஒரு மூட்டை தூக்கினதில்ல தம்பி. உக்காந்தே சம்பாதிச்சவன். மேல ஏறினா ஒண்ணுக்குப் போகக்கூட எறங்க முடியாது, காலித் தண்ணி பாட்டில்தான். அத எந்த ராகத்துல பாடுறது?"

பிறகு கடைசி இரண்டு நிமிடம். அவருடைய முகம் திரையில் வெளுத்துக்கொண்டே போனது. விளக்கை நான் அணைக்கிறேன், கதவை நீ சாத்திக்கொள். நிறுத்த நான் கையை நீட்டினேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்து, முழு வெள்ளையாகும்வரை விடவில்லை.

"இப்ப சொல்லு. யார் சொன்னது உனக்கு?"

"எத சார்?"

"இந்தப் பாட்டப் போடச் சொல்லி."

"யாரும் சொல்லல. நான்தான் தூக்கத்துல மாத்திப் போட்டுட்டேன்."

"அப்படித்தான் என் பையனும் சொல்றான். கடைக்காரன் தப்புன்னு." கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். அறையில் புழுக்கம் இல்லை. "நான் ஒண்ணு சொல்றேன் கேளு. என் பொண்டாட்டிக்கு ஒரு பழக்கம். சட்டைய அயர்ன்காரன் கொஞ்சம் கருக்கிட்டாப் போதும், தெருவே அதிரும். பால்காரன் லேட்டா வந்தா அவன் பாட்டன் வரைக்கும் இழுப்பா. அவ புருஷன உயிரோட பொணமாக்கிக் காட்டியிருக்கான் ஒருத்தன். இந்நேரம் இங்க வந்து உன் கம்ப்யூட்டரப் பேத்து எடுத்திருக்கணும். வந்தாளா?"

"இல்ல."

"அழுதா. திட்டல, அழுதா. அதுவும் பாத்ரூம்ல தண்ணியத் தொறந்து விட்டுட்டு. மூணு நாளா அதான் என்னைத் தூங்க விடல. கடைக்காரன் தப்பு பண்ணினா இவ எதுக்கு அழறா?"

ஆசிரியையின் வேலையைத் திறந்தேன். என்னிடம் இருந்த ஒரே சாட்சி அதுதான். "இதப் பாருங்க சார். இவங்கதான் நிஜமா இறந்தவங்க. உங்களுக்குப் போட வேண்டியது இவங்களுக்குப் போயிடுச்சு."

பெரிய சட்டமிட்ட கண்ணாடியோடு ஆசிரியை முறைத்துக்கொண்டிருந்தார். மேலே இருந்து கலர் காகிதங்கள் கொட்டின. இன்றுதான் எனக்கு விடிந்தது என்று நான்கு பேர் கூச்சல் போட்டார்கள்.

கிரேன்காரர் ஒரு வினாடி விழித்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். மேஜையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "இத அந்த வீட்டுல போட்டாங்களா? எழவு வீட்டுல? அடப்பாவி! ஒண்ணும் சொல்லலியா அவங்க?"

"எந்திரிச்சுக் கை தட்டினாங்களாம்."

"உன்னைய ஏன்டா தம்பி இன்னும் வெளிய தள்ளல?"

"அக்கா வீட்டுக்காரர் கடை சார்."

"அதான பாத்தேன்." மூச்சு வாங்கி நிதானமானார். முகத்தில் இறுக்கம் விட்டிருந்தது. ஐந்து வயது குறைந்தது மாதிரி இருந்தது. "சரி. தப்புதான். கண்ணால பாத்துட்டேன். பொம்பளைங்க நேரத்துக்கு ஒரு மாதிரி, விடு. மனசு லேசாச்சு."

நான் மன்னிப்புக்காக அந்தத் துண்டை இலவசமாக மாற்றித் தருவதாகச் சொன்னேன். பென்டிரைவைக் கேட்டேன். சட்டைப் பையில் துழாவி எடுத்தபடியே சொன்னார்.

"நல்லதாப் போச்சு. திங்கக்கிழமை கையெழுத்துப் போடணும்."

"என்ன கையெழுத்து?"

"புதுசா ஒரு துறைமுகம் கட்டியிருக்காங்கல்ல, கப்பல்ல போனா நாலு நாள். அங்க கிரேன் ஓட்ட ஆளுங்களுக்குக் கத்துக் குடுக்கக் கூப்பிடறாங்க. ரெண்டு வருஷம். குடும்பத்தக் கூட்டிட்டுப் போக முடியாது, தனி ரூம்தான். பையன் வேணாம் வேணாம்னு குதிக்கிறான், காரணம் கேட்டா சொல்லத் தெரியல. பொண்டாட்டி வாயே தொறக்க மாட்டேங்கறா. ஒருவேள எனக்குத்தான் உள்ளுக்குள்ள ஏதாவதோன்னு ஒரு பயம் இருந்துச்சு. அதான் உன்னைத் தேடி வந்தேன். இனி என்ன? புதன்கிழமை கப்பல். வீட்டுல உக்காந்து நான் என்னத்தக் கிழிக்கப் போறேன்?"

"உங்க பொண்ணுக்கு டெலிவரின்னு..."

சொன்ன பிறகுதான் என் வாய் எனக்குக் கேட்டது. இது எனக்கு எப்படித் தெரியும் என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. பென்டிரைவின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"ஆமா, ரெண்டு மாசத்துல. போன்ல பாத்துக்கறேன். லீவு ஒரு வருஷம் கழிச்சுத்தான். நடக்கற வயசுல வந்து தூக்கினாப் போச்சு."

பென்டிரைவை நீட்டினார். நான் வாங்கவில்லை.

மகனிடம் நான் ஒத்துக்கொண்டது ஒரு வார்த்தையை மட்டும். அதைச் சொல்லியாயிற்று, நிரூபித்தும் ஆயிற்று. இத்தோடு பென்டிரைவை வாங்கிச் செருகி, கலர் காகிதத்தைக் கொட்டி அனுப்பினால் என் வேலை முடிந்தது. யாரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் நாலு நாள் கப்பலில் போய், முன்பின் தெரியாத ஒரு ரூமில் கட்டிலைப் போட்டு, கத்துக் கொடுக்க வந்த இடத்தில் சுருண்டு படுப்பார். வீட்டார் அப்போது உண்மையைச் சொல்வார்கள், போனில். எந்தப் பாட்டிலும் யாரும் ரிப்போர்ட்டைத் துணிக்கு அடியில் வைப்பதில்லை. அப்படி வைக்கிற வீட்டில் பாட்டு எழுதுகிறவன் நுழைவதில்லை.

எனக்கு நல்லவனாகிற ஆசை கிடையாது. எவனோ ஒருவன் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

"சார். உங்க பையன் இங்க வந்திருந்தாரு."

"அவனா? எப்ப?"

"வியாழக்கிழமை."

"சண்டை போட்டானா?"

"இல்ல. திட்டவே இல்ல."

மூடி அவர் விரல்களுக்கிடையே நின்றது.

"அப்புறம் என்னத்துக்கு வந்தான்?"

"என்னைய வெளிய கூட்டிட்டுப் போயி, யார் சொன்னது உங்களுக்குன்னு கேட்டாரு."

அவர் திரையைப் பார்த்தார், தன் கைகளைப் பார்த்தார். நான் வேறு எங்காவது பார்க்கலாம் என்றால் அந்த அறையில் எல்லாப் பக்கமும் சிரிக்கிற ஆட்களின் மாதிரிப் படங்கள்தான்.

"எவ்ளோ நாள்னு சொன்னானா?"

"அத அவர்கிட்ட கேளுங்க சார். இல்ல அம்மாகிட்ட."

"சொன்னான்."

நான் தலையைக் குனிந்தேன்.

"சரி," என்றார். மறுபடியும், "சரி." பென்டிரைவின் மூடியைப் பொருத்தமாக அழுத்தி மூடி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். போனை எடுத்து எண்களை ஒவ்வொன்றாக அழுத்தினார்.

"நான்தான். எங்க இருக்க? ... பீரோ சாவிய எடுத்து வை... ஒண்ணும் ஆகல. எடுத்து வைன்னா வை. நீ எதையும் தேட வேணாம், நானே பாத்துக்கறேன்... அழாத. ஏய், அழாதன்னு சொல்றேன்ல. சாப்பிட்டியா நீ?... சாப்பிடு. வந்துடறேன்."

எழுந்தபோது மேஜையைப் பிடித்துக்கொண்டார். நான் கை கொடுக்கப் போனேன், வேண்டாம் என்று தலையசைத்தார்.

"கூட வரட்டுமா சார்?"

"நீ தூங்கு. கண்ணப் பாரு, கருங்குரங்கு மாதிரி." வாசல் வரை போய்த் திரும்பினார். "அந்தப் படத்த மாத்தாத. அழிச்சிடு. முழுசா."

எதிர்ச்சாரியில் இருந்த பஸ் நிறுத்தத்துக்கு அவர் கடந்து போவதை வாசலில் நின்று பார்த்தேன். இரண்டு பக்கமும் பார்த்துத்தான் கடந்தார். பஸ் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனது; உள்ளே நெரிசலில் அவர் தெரியவில்லை. உள்ளே வந்து ஆர்டர் தாளைத் தேடினேன். மகனின் நம்பர் அதில் இருந்தது. இரண்டாவது மணியிலேயே எடுத்தான்.

"ப்ரோ, படக் கடைலருந்து பேசறேன். உங்க அப்பா வந்திருந்தாரு. இப்ப வீட்டுக்குப் போயிட்டிருக்காரு. அவருக்குத் தெரியும். நீங்களும் கிளம்புங்க."

முதலில் அவனுக்குப் புரியவில்லை. புரிந்ததும் ஆரம்பித்தான். என்னை, என் அத்தானை, என்னைப் பெற்றவர்களை, கடையை, எல்லாவற்றையும் இழுத்தான். ஒரு வார்த்தைதானே கேட்டேன், நாயே, ஒரே ஒரு வார்த்தை என்றான். கடையைக் கொளுத்துவேன் என்றான். நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. கப்பல், புதன்கிழமை, தனி ரூம் என்று நடுவில் எதுவும் சொல்லவுமில்லை. சொன்னால் நியாயம் பேசுவது மாதிரி ஆகிவிடும். அவன் குரல் கொஞ்சம் கொஞ்சமாக உடைந்து, வெறும் மூச்சாகி, பிறகு நின்றது. ஆபீஸில் யாரோ அவனிடம் என்னாச்சு என்று கேட்பது தூரத்தில் கேட்டது.

"எப்படி இருந்தாரு?" என்றான் கடைசியில்.

"நடந்துதான் போனாரு. கை கொடுத்தேன், வேணாம்னுட்டாரு."

"பஸ்லயா போனாரு?"

"ஆமா."

"நின்னுட்டா போனாரு? அவரால ரொம்ப நேரம் நிக்க முடியாது."

"இல்ல," என்றேன். "சீட் கிடைச்சுது. உக்காந்ததப் பாத்தேன்."